நாலு கோடு நோட்டில் அடங்காத ஆங்கிலம்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களில் கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தறியில் உட்கார்ந்து நெய்வார். இன்னொருவர் பக்கத்தில் இருந்து கரைக்கான நாடாவைத் தள்ளிவிடுவார். ஒரு தலைமுறைக்கு முன்புவரை அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். அப்படி நாடா தள்ளி வளர்ந்தவர்கள் இன்று பெற்றோர். அந்தப் பக்கத்து ஊரான தென்னேரியில் நின்று பார்த்தால் ஏரிப்பாசனம் ஒரு பிழைப்பு, தறி ஒரு பிழைப்பு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள் இன்னொரு பிழைப்பு. மூன்றாவதில் மேலே ஏற இங்கிலீஷ் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஆசையை ஆங்கில மோகம் என்று மேடையில் சாடுகிறவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு அதை முன்பே வாங்கிக் கொடுத்துவிட்டவர்கள். பெற்றோர் கேட்பது நியாயம். கேட்டதற்குப் பள்ளியில் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க நாலு கோடு நோட்டைப் புரட்டினால் போதும். முதல் வகுப்பில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. அடுத்து மூன்றெழுத்துச் சொற்கள். அப்புறம் கரும்பலகையைப் பார்த்து எழுதிய கேள்வி பதில்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மிஸ் சிவப்பு மையில் டிக் போட்டு ‘குட்’ எழுதியிருப்பார். அந்தப் பதிலிலிருந்து ஒரு சொல்லை மட்டும் தனியாக எழுதிக் காட்டினால் அதே பிள்ளை வாசிக்கத் திணறும். பெயர் என்ன என்பதைத் தாண்டி ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் திருதிருவென விழிக்கும். தொடக்கப் பள்ளி ஆங்கில வகுப்பில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுத்தை வரையக் கற்கிறார்கள். முதலில் கற்க வேண்டியவை ஒலியைப் பிரித்துக் கேட்பதும் சின்னச் சின்ன வாக்கியங்களைப் பேசுவதும். வரிசை தலைகீழாகிவிட்டது என்பதே என் வாதம்.

தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ‘ப’, ‘ட’, ‘ம்’ என்று வேகமாகச் சொன்னால் படம் வந்துவிடும். ‘சி, ஏ, டி’ என்று எத்தனை முறை ராகம் போட்டாலும் ‘கேட்’ வராது. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழி ஆங்கிலம். அதில் எழுத்துக்குப் பெயர் வேறு, ஒலி வேறு என்று யாரும் சொல்லித் தராதபோது, பிள்ளைக்கு ஒரே வழிதான்: சொல்லின் உருவத்தை அப்படியே மனப்பாடம் செய்வது. முப்பது சொல்வரை அது தாங்கும், முந்நூறு வந்தால் தாங்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘பல்’லில் வரும் ப வேறு, ‘தம்பி’யில் வரும் ப வேறு, தென்னேரிப் பிள்ளை இரண்டையும் தினமும் சரியாகவே சொல்கிறது. ஆனால் தமிழில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே என்பதால், அவை இரண்டு ஒலிகள் என்று அதன் காது பிரித்துப் பார்த்ததில்லை. குத்துகிற ‘பின்’னையும் குப்பை போடுகிற ‘பின்’னையும் வேறுபடுத்திக் கேட்கப் பழக்குவது பத்து நிமிட விளையாட்டு. அதற்கு நோட்டே வேண்டாம்.

மணலில் எழுதித்தானே திண்ணைப் பள்ளியில் எல்லோரும் படித்தார்கள், எழுத்தில் தொடங்கினால் என்ன தப்பு என்று கேட்கலாம். 1789-இல் எழும்பூர் ராணுவ ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் இல்லத்திலும் கொண்டுவந்தார். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித் தரும் ஏற்பாட்டையும் சேர்த்து அவர் 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. நம் சரக்கு ஏற்றுமதியான அபூர்வமான கதை இது. ஆனால் திண்ணையில் மணலைத் தொட்ட பிள்ளைக்குத் தமிழ் ஏற்கெனவே பேச வரும்; இங்கிலாந்தில் மணல் தட்டைத் தொட்ட பிள்ளைக்கு ஆங்கிலம் பேச வரும். தனக்குத் தெரிந்த பேச்சுக்குத்தான் இருவரும் எழுத்துக் கற்றார்கள். காதில் விழாத மொழியை எழுத்தில் தொடங்கச் சொல்வது நம் பிள்ளையிடம் மட்டும்தான்.

எழுத்தில் தொடங்கும் இந்த முறையின் பலன் என்ன? இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் ‘ஏசர்’ ஆய்வு 2016-இல் சொன்னது இது: ஐந்தாம் வகுப்பில் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்க முடிந்தவர்கள் 24.5 விழுக்காடு. 2009-இலும் ஏறக்குறைய இதே நிலைதான். அது தமிழ்நாட்டுக்கு மட்டுமான கணக்கல்ல, பேச்சை அளந்ததும் அல்ல. என்றாலும் ஐந்தாண்டு எழுத்துப் பயிற்சி வாசிப்பைக்கூடத் தரவில்லை என்பதைக் காட்ட அது போதும்.

அப்படியானால் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்திலேயே நடத்திவிடலாமே என்பது பெற்றோரின் கேள்வி. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியது இந்தக் கேள்வியால்தான். மலேசியா இதை இரண்டு பாடங்களில் செய்து பார்த்தது. 2003-இல் தமிழ்ப் பள்ளிகள் உட்பட எல்லா இடத்திலும் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கின. 2009-இல் அந்த அரசே முடிவை மாற்றிக்கொண்டது. கழித்தலில் கடன் வாங்குவது புரியாத பிள்ளைக்கு அதைப் புரியாத மொழியில் சொன்னால் கணக்கும் போகும், மொழியும் வராது. தமிழில் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு வாசிப்பு என்றால் என்னவென்று தெரிந்துவிடுகிறது. அந்தத் திறன் அடுத்த மொழிக்கும் கூடவே வரும். கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-லிருந்து வலியுறுத்துவது இதைத்தான். ஆங்கிலப் பாடம் வேறு, ஆங்கில வழி வேறு. பாடத்தை உருப்படியாக நடத்தினாலே பெற்றோர் கேட்பதில் பெரும்பங்கு கிடைத்துவிடும்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாததல்ல. 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாட்டும் ஒலிப்பயிற்சியும் இருக்கின்றன. கியூஆர் குறியீட்டைத் தட்டினால் செல்போனில் பாடம் ஓடும். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்து ஆங்கிலத்தையும் செயல்பாடாகவே நடத்தச் சொல்கிறது. காகிதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் மேலிருந்து வரும் அதிகாரி நோட்டைத்தான் புரட்டுகிறார். வீட்டிலும் நோட்டைத்தான் பார்க்கிறார்கள். பிள்ளை வகுப்பில் பேசிய அரை மணி நேரத்துக்குத் தடயம் கிடையாது; எழுதிய ஒரு பக்கத்துக்கு உண்டு. ஆசிரியர் எதைச் செய்வார்?

ஆசிரியருக்கே ஆங்கிலம் சரளமில்லை என்பது வலுவான எதிர்வாதம். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இருவர் பங்கிட்டுக்கொண்டு, இடையில் பதிவேடுகளும் செல்போன் செயலிகளும் கேட்பதை நிரப்புகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் தொடக்க வகுப்புக்குச் சொற்பொழிவு தேவையில்லை. உட்கார், கதவைச் சாத்து, யார் வரவில்லை, மதியம் என்ன சாப்பிட்டாய் என்று அன்றாடம் சொல்லும் இருநூறு வாக்கியங்களை நாள் தவறாமல் ஆங்கிலத்தில் சொன்னால் போதும். புரியாத இடத்தில் தமிழில் விளக்கலாம், அதில் தீட்டு ஒன்றுமில்லை. கார்ட்டூன் இதைச் செய்யாதா என்றால், கார்ட்டூன் பேசும். பிள்ளையின் பதிலுக்காகக் காத்திராது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் நோட்டுகளை அடுக்கி வைக்கச் சொல்லாமல், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டி நான்கு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லலாம். தப்பும் தவறுமாகச் சொன்னாலும் பாராட்டலாம். பெற்றோர் கேட்க விரும்புவது பேச்சைத்தான் என்று தெரிந்துவிட்டால், வகுப்பில் எழுத்துப் பயிற்சியைக் கொஞ்சம் குறைக்க ஆசிரியருக்கும் தைரியம் வரும்.