நடுக்கடலில் நேர்கோடு: ஆட்டோபைலட் சாப்ட்வேர் சுக்கான் பிடிப்பது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்தின் மீன்பிடி ஊர்களில் முக்கியமானவை கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும். இங்கிருந்து செல்லும் விசைப்படகுகள் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். அந்த எல்லைக்குக் கடலில் வேலி எதுவும் கிடையாது. 1974-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஆறு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தரப்பட்டுள்ளன. அவற்றை வரிசையாக இணைத்தால் கிடைப்பதே பாக் நீரிணையின் எல்லைக் கோடு. ஜிபிஎஸ் கருவியின் மொழியில் சொன்னால் அவை ஆறு வே பாயிண்ட்கள்.

வே பாயிண்ட் என்றால், போக வேண்டிய பாதையில் நாம் குறித்து வைக்கும் ஓர் இடம், அவ்வளவுதான். இந்த இடங்கள் வழியாகப் படகைத் தானாகச் செலுத்தும் சாப்ட்வேருக்கு ஆட்டோபைலட் என்று பெயர். அது எப்படி யோசிக்கிறது என்பதை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்.

புள்ளியா, கோடா?

ஒரு படகு 6 நாட் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். பக்கவாட்டில் 1 நாட் வேகத்தில் நீரோட்டம் இருக்கிறது. சுக்கானை ஒரே திசையில் வைத்திருந்தால், ஒரு மணி நேரத்தில் படகு ஒரு கடல் மைல் விலகிவிடும்.

எளிய ஆட்டோபைலட் என்ன செய்யும்? படகின் முகத்தை எப்போதும் அடுத்த வே பாயிண்ட்டை நோக்கியே திருப்பிக்கொண்டிருக்கும். படகு போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் பாதை நேராக இருக்காது, வில் போல் வளைந்திருக்கும். மேலே சொன்ன வேகங்களில் 6 கடல் மைல் பயணத்துக்குக் கணக்குப் போட்டால், வழியில் 600 மீட்டருக்கும் மேல் விலகல் வருகிறது. எல்லைக் கோட்டை ஒட்டிச் செல்லும் படகுக்கு இது சின்ன விஷயமல்ல.

நல்ல ஆட்டோபைலட் புள்ளியோடு கோட்டையும் பார்க்கும். முந்தைய வே பாயிண்ட்டையும் அடுத்ததையும் இணைக்கும் கோட்டிலிருந்து படகு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று ஓயாமல் அளக்கும். இதற்கு கிராஸ் டிராக் எரர் என்று பெயர். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர, படகின் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றே சாய்த்துப் பிடிக்கும். நம் கணக்கில் இந்தச் சாய்வு சுமார் 10 டிகிரி. வலை இழுக்கும்போது வேகம் 2 நாட்டாகக் குறைந்தால், அதே நீரோட்டத்துக்கு 30 டிகிரி தேவைப்படும்!

மாலுமியிடம் கற்ற பாடம்

எவ்வளவு திருப்புவது என்பதை முடிவு செய்வது பிஐடி என்ற கணக்குமுறை. 1922-ல் நிக்கோலஸ் மைனார்ஸ்கி என்ற பொறியாளர் கப்பல்களின் தானியங்கிச் சுக்கானுக்காக இதை விளக்கி எழுதினார். சுக்கான் பிடிப்பவர் இப்போதைய விலகலை மட்டும் பார்ப்பதில்லை, அது எவ்வளவு நேரமாகத் தொடர்கிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார். அந்த மூன்றும்தான் பிஐடியின் மூன்று எழுத்துகள். முதல் எண்ணை அதிகமாக வைத்தால் படகு பாம்பு போல் நெளியும். குறைவாக வைத்தால் சோம்பலாகத் திரும்பும்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஆர்டுபைலட் என்பது இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் ஆட்டோபைலட் சாப்ட்வேர். விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதை இயக்க மிஷன் பிளானர் என்ற புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். இண்டர்நெட் இணைப்பு தேவை. படகோ கருவியோ தேவையில்லை.

1. மேலே உள்ள சிமுலேஷன் பட்டனை அழுத்துங்கள். மேப்பில் உள்ள குறியை இழுத்துக் கோட்டைப்பட்டினம் கடற்கரையில் வைத்து, ரோவர் படத்தில் கிளிக் செய்திடுங்கள். தரையிலும் நீரிலும் செல்லும் வாகனங்களுக்கு இந்த ஒரே பிரிவுதான்.

2. பிளான் பட்டனை அழுத்தி, மேப்பில் சில நூறு மீட்டர் இடைவெளியில் நான்கைந்து இடங்களில் கிளிக் செய்து, ரைட் பட்டனை அழுத்துங்கள்.

3. டேட்டா பக்கத்தில் ஆக்சன்ஸ் பகுதிக்குச் சென்று ஆர்ம் கொடுத்து, ஆட்டோ என்ற மோடைத் தேர்ந்தெடுங்கள். வாகனம் கிளம்பிவிடும்.

4. கான்பிக் பிரிவில் பாராமீட்டர் பட்டியல் இருக்கும். அதில் வே பாயிண்ட் ரேடியஸ் எண்ணை மாற்றிப் பாருங்கள். இத்தனை மீட்டருக்குள் வந்தால் புள்ளியை அடைந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பதே இதன் பொருள். பெரிதாக வைத்தால் வாகனம் திருப்பத்துக்கு முன்பே வளைந்துவிடும். ஜிபிஎஸ்ஸிலேயே சில மீட்டர் பிழை இருக்கும் என்பதால் மிகச் சிறிதாக வைப்பதிலும் பயனில்லை.

5. அடுத்து ஸ்டீயரிங் தொடர்பான பி எண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பாதை நெளிய ஆரம்பிக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

எண்களை டைப் செய்யும்போது உஷார்!

ஒப்பந்தத்தின் மூன்றாவது புள்ளியின் அட்சரேகை 9 டிகிரி 40.15 நிமிடம். இதை 9.4015 என்று டைப் செய்தால் தவறு. ஒரு டிகிரிக்கு 60 நிமிடங்கள் என்பதால் 40.15-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். சரியான எண் 9.6692. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடலில் சுமார் 30 கிலோமீட்டர்! எந்த சாப்ட்வேரும் இந்தத் தவறைக் கண்டுபிடித்துச் சொல்லாது. நீங்கள் கொடுத்த இடத்துக்குக் கச்சிதமாகக் கொண்டுபோய்விடும்.

எல்லைப் பிரச்சினைக்கு நீரோட்டம் மட்டும் காரணமல்ல. மீன் எங்கே கிடைக்கிறது, தலைமுறைகளாக எங்கே வலை போட்டார்கள் என்பதெல்லாம் அதில் அடங்கும். அதை எந்த சாப்ட்வேரும் தீர்த்துவிடாது. ஆனால் தெரியாமல் விலகிப் போவதைத் தடுக்க முடியும். சிமுலேஷனில் பழகிய எண்களை அப்படியே உண்மையான படகில் போட்டுவிடாதீர்கள். படகுக்குப் படகு எடையும் எஞ்சினும் வேறு. ஆட்டோபைலட் ஓடினாலும் சுக்கான் அருகே ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும்.