பாடும்போது மனம் எங்கே இருக்கிறது?

கச்சேரியில் பாடகர் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார். தலை மெல்ல ஆடுகிறது. "அடடா! தம்மையே மறந்து பாடுகிறாரே!" என்று நாம் வியக்கிறோம்.

மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? பாட்டே கவிழ்ந்துவிடும்!

அவருடைய கையைப் பாருங்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. காதோ, பின்னால் ஒலிக்கும் தம்புராவில் இருக்கிறது.

ஒரே நேரத்தில் இத்தனையும் எப்படி முடிகிறது?

பழக்கம்தான். சிறு பிள்ளைகளுக்கு முதலில் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை சொல்லிக் கொடுக்கிறார்கள். முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் 2. மூன்றாம் காலத்தில் 4. கையின் வேகம் மாறாது. வாயின் வேகம்தான் மாறும்.

தொடக்கத்தில் கையைக் கவனித்தால் சுரம் தவறும். சுரத்தைக் கவனித்தால் கை நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்தான்! பல மாதம் பாடிய பிறகு கை தானாக ஓடும். மனம் சுரத்துக்குப் போகும்.

பியானோவிலும் இதே கதைதான். 2011-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இசை மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். விரலைக் கவனி, கட்டையைக் கவனி, உள்ளே தந்தியை அடிக்கும் சுத்தியலைக் கவனி, ஒலியைக் கவனி என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பழகியதைச் சற்று மாற்றி வாசிக்கச் சொன்னபோது, சுத்தியலையும் ஒலியையும் கவனித்தவேளையில்தான் வாசிப்பு சீராக அமைந்தது!

ஆனால் நம் பாடகருக்குப் பெரிய சோதனை, தனி ஆவர்த்தனம். மிருதங்கக்காரர் வெளுத்துக் கட்டுகிறார். பாடகர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பலர் காப்பி குடிக்க எழுந்து போகிறார்கள். பாவம், பாடகர் படும் பாடு அவர்களுக்குத் தெரியாது! தாளம் அவர் பொறுப்பு. மிருதங்கம் ஐந்து ஐந்தாகவும் ஏழு ஏழாகவும் சொற்களைப் பிரித்து வாசிக்கும். கை அதன் பின்னால் போய்விட்டால் இருவருக்கும் அவமானம். அதனால் மிருதங்கக்காரரின் கண்ணும் அடிக்கடி அந்தக் கையின் மேல் விழும்.

கடைசியில் கோர்வை. ஒரே சொற்கட்டு மூன்று முறை வந்து, பாட்டு எடுத்த இடத்தில் முடிய வேண்டும். அந்த இடம் தட்டிலேயே இராது. அரை எண்ணிக்கை தள்ளியும் இருக்கலாம். மிருதங்கம் முடிந்த அதே நொடியில் பாடகர் அடியை எடுக்கிறார். சபை அதிரக் கைதட்டுகிறது.

அவர் கை மட்டும் நிற்கவில்லை. அடுத்த ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருக்கிறது.