புற்றுமண்ணைச் சலித்தவர்கள்

சங்கரன்கோவில் போய் வந்தவர்கள் வீட்டில், திருநீற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் கும்பிட்டுவிட்டு வாங்கி வந்த புற்றுமண். நெற்றியில் இடுவார்கள், தோல் நோய்க்குப் பூசுவார்கள். நோய் தீருமா என்பது நம்பிக்கையின் பாடு. அதில் நான் தலையிடவில்லை. எனக்கு வியப்பு அந்த மண்ணின் மேல்தான். கல் இல்லை, கசடு இல்லை. இவ்வளவு நயமாக அதைச் சலித்தது யார்?

நாகம் இல்லை. அது பின்னால் குடிவந்தது. கட்டியது கரையான். அதன் வேலைக்காரர்களுக்குக் கண் கிடையாது. ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கி, நுண்ணிய களிமண் துகள்களை வாயில் கவ்வி, எச்சிலில் பிசைந்து உருட்டி, மேலே கொண்டுவந்து அடுக்குகின்றன. நம் பக்கம் நெடும்புற்று எழுப்பும் ‘ஓடன்டோடெர்மஸ் ஒபீசஸ்’ என்ற கரையானின் இந்த உருண்டைகளை, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ரெனே போர்ஜஸ் குழுவினர் ஆராய்ந்திருக்கிறார்கள். எச்சில் கலந்த மண் காய்ந்தால், வெறும் மண்ணைவிடப் பல மடங்கு இறுகிவிடுகிறது. ஐப்பசி மழைக்கும் புற்று நிற்பது அதனால்தான்.

புற்றுக்குள் தோட்டமும் உண்டு. சருகையும் சுள்ளியையும் தின்று கழித்த எச்சத்தில் கரையான்கள் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. மரத்தின் கடினப் பகுதியை இந்தக் கரையானால் தனியே செரிக்க முடியாது. பூஞ்சை அதைப் பதமாக்கித் தருகிறது. மழைக்குப் பின் முளைக்கும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையின் பூ மாதிரி. சிப்பிக் காளான்போல் இதைக் கொட்டகையில் வளர்த்து விற்க இன்னும் யாருக்கும் கைவரவில்லை. முதல் மழை இரவில் விளக்கைச் சுற்றி மொய்க்கும் ஈசலும் இந்தக் கரையான் குடும்பம்தான். அதை அரிசியோடு வறுத்துத் தின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது.

சங்கரன்கோவில் மழைமறைவுப் பூமி. குற்றாலத்தில் சாரல் விழும் ஆடியில் இங்கே பெரும்பாலும் வெறுங்காற்றுதான். மண் காய்ந்து கிடக்கும்போது, சருகை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிடும். கிடை போட்ட ஆட்டுப் புழுக்கை மேலேயே உலர்ந்து கிடக்கும். அந்த மாதங்களிலும் வேலை செய்பவை கரையான்கள். எருவை உள்ளே இழுக்கின்றன. அவை போட்ட சுரங்கங்கள் வழியே, அடுத்து வரும் மழை ஓடிவிடாமல் கீழே இறங்குகிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயல்களில் சில பாத்திகளில் எறும்பையும் கரையானையும் பூச்சிமருந்தால் ஒழித்தார்கள், சிலவற்றில் விட்டுவைத்தார்கள். விட்டுவைத்த இடத்தில் விளைச்சல் 36 சதவீதம் கூடுதல். 2011இல் வெளியான ஆய்வு இது. ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் விவசாயி யாகூபா சவடோகோ ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமலே இந்த வித்தையைக் கையாண்டவர். கோடையிலேயே குழிகள் வெட்டி எருவும் சருகும் இட்டு வைப்பார். அதைத் தேடி வரும் கரையான்கள் இறுகிய தரையைத் துளைத்துவிடும். மழை வந்ததும் அந்தக் குழியில் தானியம். பாழ்நிலத்தில் அவர் காட்டையே வளர்த்துவிட்டார்.

கரையானின் இந்த உழைப்பைப் போல இயற்கை நமக்குத் தரும் 24 வகை நன்மைகளை உலக விஞ்ஞானிகள் கூடி ஆராய்ந்து 2005இல் அறிக்கை தந்தார்கள். அவற்றில் 15 தேய்ந்துகொண்டிருந்தன. தேய்வது எப்படி என்பதற்குப் புற்றே நல்ல பாடம். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தால் கரையான்கள் வந்து உடைப்பை அடைத்துவிடும். கீழே ராணி முட்டையிடும்வரை மண் திரும்பத் திரும்பக் கிடைக்கும். அடியில் மருந்தை ஊற்றினால் புற்று அன்றே விழாது. ஆளில்லாத வீடாகச் சில காலம் நிற்கும். அடைக்க ஆளில்லாத விரிசல் வழியே மழை இறங்கும்போதுதான் நமக்குச் சங்கதி தெரியும்.

அதற்காகக் கரையானை விவசாயி கொஞ்ச வேண்டும் என்று சொல்ல நான் யார்? தென்னங்கன்றையும் கடலையையும் அது அரிப்பது உண்மை. ஆனால் உலகில் உள்ள சுமார் 3,000 கரையான் இனங்களில், தொல்லை தருபவை சிறு பங்குதான். அவையும் அதிகம் தேடுவது காய்ந்ததை. பருத்திமாரையும் சோளத்தட்டையையும் எரித்துவிட்டு வெறுந்தரையில் கன்று நட்டால், அந்தக் கன்றை விட்டால் அவற்றுக்குத் தின்ன வேறென்ன இருக்கிறது? தட்டையைத் தூரை ஒட்டாமல் சற்றுத் தள்ளி மூடாக்காகப் பரப்பி, முதல் கோடையில் கன்று வாடாமல் தண்ணீர் விட்டுவந்தால், பெரும்பாலும் கரையான் தட்டையோடு நின்றுகொள்ளும்.