கம்பியும் நாதமும் – 12: கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

சென்ற வாரம் ஹவாய் கிட்டாரோடு நிறுத்தியிருந்தோம். அதற்குக் கால்களும் பெடல்களும் பொருத்தினால் பெடல் ஸ்டீல். கோட்டுவாத்தியத்தைப் போலக் கிடையாக வைத்து, எஃகு உருளையைத் தந்திமேல் நகர்த்தித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் இதில் ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியின் சுருதியைக் காலாலேயே ஏற்றலாம், இறக்கலாம். 1954-ல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் அப்படி ஏற்றியதைக் கேட்டபிறகு அமெரிக்க கன்ட்ரி இசையின் நாதமே மாறிப்போனது. ஐசக்ஸ் ஒரே பெடலில் செய்ததை பட்டி எமன்ஸ் இரண்டு பெடல்களாகப் பிரித்தார். இன்றைய பத்துத் தந்திக் கருவியின் ‘ஏ’, ‘பி’ பெடல்கள் அவைதான். ஷாட் ஜாக்ஸனோடு சேர்ந்து அவர் நாஷ்வில்லில் தொடங்கிய ஷோ-பட், பிறகு தொடங்கிய எமன்ஸ் என்ற இரண்டு நிறுவனப் பெயர்களையும் பழைய கருவி தேடுகிறவர்கள் இன்றும் விடாமல் தேடுகிறார்கள்.

மேல்பக்கம் பளபளக்கும் மேப்பிள் மரத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள். பெடலை மிதித்தால் குறுக்குத் தண்டு சுழலும். அதில் பொருத்திய சிறு நெம்புகோல் நீண்ட ராடை இழுக்கும். ராடு இழுத்ததும் வலது ஓரத்துச் சேஞ்சரில் தந்தியைத் தாங்கும் உலோக ‘விரல்’ அசையும். தண்டுகள் தடையில்லாமல் திரும்புகின்றனவா, ராடுகள் வளைந்திருக்கின்றனவா, வார்ப்புப் பாகங்களில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு ‘ஏ’, ‘பி’ இரண்டையும் சேர்த்து மிதித்து, அவற்றுக்குச் சம்பந்தமில்லாத நான்காம் தந்தியை டியூனரில் பாருங்கள். இழுவை கூடியதும் உடல் சற்றே வளைவதால் அதன் சுருதி கொஞ்சம் இறங்கும். எல்லாக் கருவியிலும் இது உண்டு. காதுக்கே தெரியும் அளவுக்கு இறங்கினால் அந்தக் கருவி வேண்டாம்.

மற்றக் குறைகளில் பெரும்பாலானவை அழுக்குதான். பெடலை விட்டபிறகும் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பவில்லை என்றால் உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்கிறார்கள். பல வருட எண்ணெய் பிசினாக இறுகி விரல்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பில்லாமல், நாப்தா விட்டு அலசிக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டாலே பாதிக் கருவி உயிர் பெற்றுவிடும். இதைச் செய்யாமல் புதுப் பாகம் வாங்குவது வீண்செலவு.

அடுத்து, ராடு நுனியிலுள்ள நைலான் நட்டு. பெடலைத் தொடாதபோது அது சேஞ்சரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இறுக்கமாக நின்றால் மிதிக்காமலே தந்தி ஏறியிருக்கும். தளர்வாக நின்றால் கால் பாதி தூரம் சும்மா போகும். குறுக்குத் தண்டிலிருந்து தள்ளிய துளைக்கு ராடை மாற்றினால் மிதிக்கும் தூரம் குறையும், ஆனால் அழுத்தம் கூடும். ‘ஏ’, ‘பி’ இரண்டையும் ஒரே பாதம்தான் மிதிக்கிறது. இரண்டும் ஒரே கனத்தில் இறங்கும்வரை துளை மாற்றிப் பார்ப்பதில் ஒரு நாள் முழுக்கப் போனாலும் தகும். வாசிப்பில் தெரியும் முதல் வித்தியாசம் அதுதான்.

மூன்றாம் தந்தி 0.011 அங்குலம், அறுந்துகொண்டே இருக்கும். புதுத் தந்தி மாட்டுமுன் அதைத் தாங்கும் விரலின் உச்சியை நகத்தால் தடவுங்கள். மயிரிழைப் பள்ளம் தட்டுப்பட்டால் பொடி எமரித் தாளால் தேய்த்து மெருகேற்றுங்கள். பெடல்களைப் போலவே சுருதி மாற்ற முழங்காலால் தள்ளும் லீவர்களும் உண்டு. அவை குறைவான கருவியென்றால் முதலில் சேர்க்க வேண்டியது, நான்காம், எட்டாம் தந்திகளை அரைச் சுரம் இறக்கும் லீவர்.

எதற்கும் மரத்தில் புதுத் துளை போடுமுன் இருக்கும் துளையில் வேலை முடியுமா என்று பாருங்கள். கழற்றிய பழைய பாகம் ஒன்றையும் எறியாதீர்கள். உறையிலிட்டுக் கருவியின் பெட்டியிலேயே வையுங்கள். அடுத்து வாங்குகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.