முதலில் தாலாட்டு, பிறகு விளையாட்டு

குப்பத்திலிருந்து தினமும் ஏராளமான பேர் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கட்டட வேலை, கம்பெனி வேலை, ஓட்டல் வேலை என்று பல வேலைகள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். இருட்டோடு கிளம்புகிறவர்கள் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள்.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இன்னும் தூங்காமல் இருக்கிறது. அம்மாவும் சும்மா இருக்கவில்லை. மாட்டுக்குத் தீவனம் போட்டு, பால் கறந்து, சமைத்து, அவளும் களைத்துப் போயிருக்கிறாள்.

"ஏங்க, பிள்ளையைக் கொஞ்சம் தூங்க வையுங்க. எனக்கு இன்னும் பாத்திரம் கழுவ இருக்கு."

"இரு, இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்."

அப்பாவின் கையில் செல்போன். அதில் கேம். ஒரு ஆட்டம் இரண்டு ஆட்டம் ஆகிறது. குழந்தை மடியில் ஏறி போனைப் பார்க்கிறது. பிறகு அதற்கும் தூக்கம் வருவதில்லை.

"நாள் முழுவதும் உழைக்கிறேன். எனக்கென்று அரை மணி நேரம் கூடாதா?" என்று அப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான். உழைக்கிற மனிதனுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். நம் பெரியவர்கள் தாயம் ஆடினார்கள். பல்லாங்குழி ஆடினார்கள். திண்ணையில் கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். விளையாடுவது குற்றம் இல்லை. எந்த நேரத்தில் விளையாடுகிறோம் என்பதுதான் கேள்வி.

குழந்தைக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. 1 வயது, 2 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். 3 வயது, 4 வயதுக் குழந்தைகளுக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். பகல் தூக்கமும் இதில் சேர்ந்ததுதான்.

நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வயதுக் குழந்தை பகலில் 2 மணி நேரம் தூங்குகிறது. காலை 6 மணிக்கு எழுகிறது. 11 மணி நேரம் ஆக வேண்டுமானால், இரவில் 9 மணி நேரம் தூங்க வேண்டும். அப்படியானால் இரவு 9 மணிக்கு அது தூங்கியிருக்க வேண்டும். 11 மணிக்குத் தூங்கினால் 2 மணி நேரம் குறைகிறது. ஒரு வாரத்தில் 14 மணி நேரம் குறைகிறது!

குறைந்தால் என்ன ஆகும்? குழந்தை தூங்கும்போது அதன் உடல் சும்மா இருப்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சிக்கான சுரப்பு நீர் அதிகமாகச் சுரக்கிறது. பகலில் கேட்ட சொல்லையும் பார்த்த பொருளையும் மூளை அப்போதுதான் பதிய வைத்துக்கொள்கிறது. தூக்கம் போதாத குழந்தை காலையில் அழும். அடம் பிடிக்கும். சாப்பிட மறுக்கும். "பிள்ளை ரொம்ப முரண்டு பிடிக்கிறது" என்று நாம் அதை அடிக்கிறோம். உண்மையில் அதற்குத் தேவை அடி இல்லை, தூக்கம்.

போன் வெளிச்சம் என்ன செய்கிறது?

இருட்டியதும் நம் மூளையில் உள்ள ஒரு சிறு சுரப்பி மெலடோனின் என்ற பொருளைச் சுரக்கிறது. "இரவு வந்துவிட்டது, தூங்கு" என்று உடலுக்குச் சொல்வது இதுதான். கண்ணில் வெளிச்சம் பட்டால் இது சுரப்பது குறைந்துவிடும். "இன்னும் பகல்தான்" என்று மூளை ஏமாந்துவிடும்.

குழந்தையின் கண் வழியாகப் பெரியவர்களின் கண்ணைவிட அதிக வெளிச்சம் உள்ளே போகும். அதனால் அதற்குப் பாதிப்பும் அதிகம். வெளிச்சம் மட்டும் இல்லை. கேமில் வரும் துப்பாக்கிச் சத்தம், பளிச் பளிச்சென்று மாறும் படம் எல்லாம் குழந்தையை உசுப்பிவிடும். ஒரு வயதுக் குழந்தைக்கு திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு வயது முதல் நான்கு வயது வரை, நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

'ஒரு ஆட்டம்' ஏன் முடிவதில்லை?

ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. ஆடுகள் எல்லாப் புலிகளையும் மடக்கினால் ஆட்டம் முடிந்தது. நடுவில் குழந்தை அழுதால் எழுந்து போகலாம். காய்கள் அப்படியே இருக்கும். திரும்பி வந்து ஆடலாம்.

செல்போன் கேம் அப்படி இல்லை. பப்ஜி போன்ற சண்டை கேமில் ஒரே ஆட்டத்தில் 100 பேர் வரை ஆடுகிறார்கள். ஒரு ஆட்டம் அரை மணி நேரம்கூடப் போகும். நடுவில் நிறுத்த முடியாது. குழந்தை அழுகிறது என்று எழுந்தால் நம் ஆள் செத்துப் போவான். கூட ஆடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

கேண்டி கிரஷ் கேமில் வேறு வழி. அதில் 5 உயிர் தருகிறார்கள். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் திரும்பி வர 30 நிமிடம் ஆகும். உடனே வேண்டும் என்றால் காசு கட்டலாம். காசு கட்டாதவருக்கும் மனம் போனிலேயே இருக்கும். "அரை மணி ஆகிவிட்டதா?" என்று கை தானாகப் போகும்.

நம்மை மறுபடி மறுபடி இழுப்பதற்காகவே இவற்றை இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே பாதியில் நிறுத்தலாம் என்று நம்பி ஆரம்பிக்கக் கூடாது. குழந்தை தூங்கும் முன்பு ஆட்டத்தை ஆரம்பிக்கவே கூடாது.

என்ன செய்யலாம்?

குழந்தைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. தினமும் நடக்கும் வரிசைதான் அதற்குக் கடிகாரம். சோறு ஊட்டுதல், கை கால் முகம் கழுவுதல், துணி மாற்றுதல், பெரிய விளக்கை அணைத்தல், பாட்டு அல்லது கதை, பிறகு படுக்கை. தினமும் இதே வரிசை, இதே நேரம். அரை மணி நேரம் போதும். சில நாள் குழந்தை முரண்டு பிடிக்கும். விடாமல் செய்தால் பழகிவிடும். பழகிய பிறகு கைகால் கழுவும்போதே கொட்டாவி விடும்.

பாட்டுக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை. குப்பத்தில் மூன்று மொழி பேசுகிறோம். தமிழில் தாலாட்டு, தெலுங்கில் ஜோல பாட்டு, கன்னடத்தில் ஜோகுள. திருப்பதி வெங்கடேசுவரரைப் பாடிய அன்னமய்யா 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவரும் கடவுளைக் குழந்தையாக நினைத்துத் தாலாட்டு பாடியிருக்கிறார். ஆண் பிள்ளை தாலாட்டு பாடினால் கௌரவம் குறைந்துவிடாது. குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குழந்தைக்கு அது அப்பாவின் குரல். நாள் முழுவதும் காணாமல் இருந்த குரல்.

ஒருநாள் அப்பா தூங்க வைக்கட்டும். மறுநாள் அம்மா தூங்க வைக்கட்டும். அன்றைக்கு மற்றவர் பாத்திரம் கழுவட்டும். பொழுதுபோக்கு அப்பாவுக்கு மட்டும் சொந்தம் இல்லை. அம்மாவுக்கும் அரை மணி நேரம் வேண்டும். அவள் டிவி பார்க்கலாம். பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கலாம். அவளும் தாயம் ஆடலாம்!

கேம் எப்போது ஆடுவது?

பெரியவர்களுக்கும் 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை நாலரை மணிக்கு எழுகிறவர் இரவு ஒன்பதரை மணிக்குப் படுக்க வேண்டும். நள்ளிரவு வரை ஆடிவிட்டு, மறுநாள் சாரத்தில் ஏறுவதும் இயந்திரத்தின் முன் நிற்பதும் ஆபத்து. தூக்கக் கலக்கத்தில் ஒரு கணம் போதும். கை போகலாம், உயிரும் போகலாம்.

அப்படியானால் நேரமே இல்லையா? இருக்கிறது. போக வர ரயிலில் பல மணி நேரம் இருக்கிறோம். உட்கார இடம் கிடைத்தால் அங்கே ஆடலாம். ஆனால் இறங்கியதும் போனைப் பையில் போட வேண்டும். விடுமுறை நாளில், குழந்தை பகலில் தூங்கும்போது ஆடலாம். இரவில் ஆடித்தான் ஆக வேண்டும் என்றால், குழந்தை தூங்கிய பிறகு ஆடுங்கள். எத்தனை ஆட்டம் என்று முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டி ஆடும் கேம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆந்திர அரசு 2020-லேயே பணம் வைத்து ஆடும் இணைய ரம்மி, போக்கர் ஆட்டங்களைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் சட்டம் கொண்டுவந்தது. பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் அது தடை செய்கிறது. குழந்தையின் பால் காசு அதில் போய்விடக் கூடாது.

நிறுத்த முடியாவிட்டால்?

ஆட்டத்தை அடக்க முடியவில்லை. வேலை, வீடு, குழந்தை எல்லாம் அதற்குப் பின்னால் போய்விட்டது. கெடுதல் என்று தெரிந்தும் விட முடியவில்லை. இந்த நிலை நீண்ட நாள் தொடர்ந்தால் அது ஒரு நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது சேர்ந்துவிட்டது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகிறோம். இதற்குப் போக மட்டும் ஏன் வெட்கம்? பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம். இது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம்.

கேம் எங்கும் போகாது. நாளைக்கும் இருக்கும், பத்து வருடம் கழித்தும் இருக்கும். ஆனால் இரண்டு வயதுக் குழந்தை ஒரு வருடம்தான் இரண்டு வயதுக் குழந்தையாக இருக்கும். பாட்டு கேட்டு நம் தோளில் தூங்குகிற காலம் கொஞ்ச காலம்தான்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டுக் குழந்தை எத்தனை மணிக்குத் தூங்குகிறது? எத்தனை மணிக்கு எழுகிறது? மொத்தம் எத்தனை மணி நேரம்? கூட்டி எழுதுங்கள்.
2. உங்கள் வீட்டில் குழந்தையைத் தூங்க வைப்பது யார்? எப்போதும் ஒருவர்தானா?
3. உங்களுக்குத் தெரிந்த தாலாட்டு ஒன்றைப் பாடிக் காட்டுங்கள். பிறகு அதை எழுதி வையுங்கள்.