குடிநோயிலிருந்து மீள்வோருக்கான ஆதரவுக் குழுக்கள்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தினருக்கான வழிகாட்டி

மது அருந்துவதை நிறுத்திய முதல் வாரத்தைக் காட்டிலும் அதற்குப் பின்வரும் மாதங்களே பலருக்குக் கடினமானவை. சிகிச்சையால் உடல் தேறிவிடுகிறது. ஆனால், வீடு திரும்பியபின் பழைய நட்பு, சம்பள நாள், கோயில் திருவிழா, துக்க வீடு என ஒவ்வொன்றும் மீண்டும் குடிக்கத் தூண்டுகிறது. அக்காலத்தில் துணை நிற்பவை ஆதரவுக் குழுக்கள். குடிநோய் என்பது ஒழுக்கக் குறைபாடு அன்று. சிகிச்சையும் தொடர் கண்காணிப்பும் தேவைப்படும் நோய்.

முதலில் மருத்துவரை அணுகுக

நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை தோன்றலாம். முதல் 48 மணி நேரத்திற்குள் வலிப்பு ஏற்படலாம். 2 முதல் 4 நாட்களில் மனக்குழப்பமும், இல்லாத உருவங்களைக் காண்பதும் ஏற்பட்டால் அது உயிருக்கு ஆபத்தான நிலையாகும். வலிப்போ குழப்பமோ கண்டால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

எனவே, குழுவில் சேருமுன் பெரம்பலூர் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநல மருத்துவரைக் காண்பது நல்லது. ஆதரவுக் குழு மருத்துவத்திற்கு மாற்று அன்று. மருத்துவத்தின் பயனை நிலைக்கச் செய்வது.

கூட்டத்தில் என்ன நடைபெறும்?

பரவலாக அறியப்பட்ட குழு ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.). 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடிநோயால் அவதியுற்ற பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் ஒருவருக்கொருவர் துணைநின்றதிலிருந்து இது தோன்றியது. இதில் சேரக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. கட்டணம் இல்லை, விரும்பியவர் மட்டும் செலவுக்குச் சிறு தொகை அளிக்கலாம். முழுப்பெயரையோ முகவரியையோ கூற வேண்டியதில்லை. பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

‘திறந்த கூட்டம்’ என்றால் குடும்பத்தினரும் வரலாம். ‘மூடிய கூட்டம்’ குடிப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோருக்கு மட்டும் உரியது.

கூட்டத்தைக் கண்டறியும் வழிகள்

1. சிகிச்சை பெறும் மருத்துவமனையின் மனநலப் பிரிவில், மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேட்கலாம்.
2. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446-ஐ அழைக்கலாம்.
3. ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண் 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் உள்ளது.
4. நேரமும் இடமும் மாறக்கூடும். ஆகவே, புறப்படுமுன் தொலைபேசியில் உறுதி செய்துகொள்க. திறந்த கூட்டமா, தமிழில் நடைபெறுமா, பெண்கள் வருகின்றனரா என்பவற்றையும் கேட்டறிக.

அருகில் கூட்டம் இல்லையெனில்

சிற்றூர்களில் இரு தடைகள் உண்டு. ஒன்று தொலைவு, மற்றொன்று, ‘தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவார்களோ’ என்னும் தயக்கம். இரண்டிற்கும் திருச்சிராப்பள்ளி ஒரு தீர்வாகலாம். பெரம்பலூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை வழியாகப் பேருந்திலும், அரியலூரிலிருந்து ரயிலிலும் செல்லலாம். மாலைக் கூட்டமெனில், திரும்பி வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முன்பே அறிந்துகொள்வது நல்லது. சிமென்ட் ஆலைகளில் சுழற்சி முறையில் பணிபுரிவோரும், அடிக்கடி பயணம் செய்ய இயலாதோரும் கைப்பேசி வழி நடைபெறும் இணையக் கூட்டங்களில் பங்கேற்கலாம். முதல் கூட்டம் மனத்திற்கு ஒவ்வாவிடில், வேறு குழுவையும் முயன்று பார்த்தபின் முடிவு செய்க.

குடும்பத்தினருக்கு

குடிநோயாளரின் மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கெனத் தனியே ‘அல்-அனான்’ குழுக்கள் உள்ளன. வீட்டிலுள்ளவர் குடியை நிறுத்தாவிடினும் இவற்றில் பங்கேற்கலாம்.

குடியை நிறுத்தும் மருந்தை உணவில் மறைத்துக் கலந்து கொடுக்காதீர்கள். ‘டைசல்ஃபிராம்’ உட்கொண்டவர் அதை அறியாமல் மது அருந்தினால் இரத்த அழுத்தம் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அடித்தும் அடைத்தும் வைத்துக் குடியை நிறுத்துவதாகக் கூறும் இடங்களில் சேர்க்காதீர்கள். மனநலச் சிகிச்சை பெறுபவரைக் கொடுமையாக நடத்துவதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தடை செய்கிறது. தனியார் மையமெனில், பதிவுச் சான்றைக் காட்டுமாறு கேளுங்கள்.

மீண்டும் குடித்துவிட்டால்

மீண்டும் குடிப்பது இந்நோயில் அடிக்கடி நிகழ்வதே. அதனால் அதுவரை பெற்ற முன்னேற்றம் வீணாகிவிடாது. வெட்கத்தால் விலகி நிற்காமல், மருத்துவரிடமும் குழுவிடமும் விரைவில் திரும்புக. நாள்தோறும் குடிக்கும் நிலைக்கு மீண்டும் சென்றிருந்தால், இம்முறையும் மருத்துவ மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் தோன்றினால் கூட்ட நாளுக்காகக் காத்திராமல் அப்போதே 14416-ஐ அழையுங்கள்.