கையெழுத்து பேட் வாங்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க!



நீங்க ஓசூர்லயோ பெங்களூர்லயோ வேலை பாக்குறீங்க. ஊர்ல, பாலக்கோட்டுல, அப்பா தக்காளி மண்டி நடத்துறார்னு வச்சுக்கோங்க. வெளியூர் வியாபாரிக்குக் கடன்ல சரக்கு போகுது. "பேப்பர் எதுக்குப்பா, ஒரு கையெழுத்து பேட் வாங்கிடலாம்"னு சொல்றீங்க. காசு போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: பாக்கி வராம, "இது என் கையெழுத்தே இல்லை"னு அவர் சொன்னா என்ன பண்ணுவீங்க?

சாதாரண பேட்ல போடுற கையெழுத்து வெறும் படம்தான். அதுவும் ஒரு ஆதாரம்தான், செல்லாதுன்னு இல்லை. ஆனா அது அவர் போட்டதுதான்னு நிரூபிக்க வேண்டியது நீங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அங்கீகரிக்கிற மின்னணு கையொப்பம் வேற. நடைமுறையில அதுக்கு ரெண்டு வழி:

1. டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் (டிஎஸ்சி): உரிமம் பெற்ற நிறுவனங்கள் தரும். யுஎஸ்பி டோக்கன்ல வரும், அதிகபட்சம் 3 வருஷம் செல்லும். கம்பெனி, எல்எல்பி-க்கு ஜிஎஸ்டி பதிவுல இது கட்டாயம். தனி உரிமையாளருக்கு ஓடிபி போதும்.

2. ஆதார் இ-சைன்: 2015-ல வந்தது. கையெழுத்து போடுறவரோட ஆதார்ல மொபைல் நம்பர் இணைச்சிருந்தா, ஓடிபி வச்சே முடிஞ்சிடும். தனியா கருவி வேண்டாம். அப்புறம் யாராவது தொகையை மாத்தினாலும் காட்டிக் கொடுத்துடும்.

அப்போ பேட் வேஸ்ட்டா? இல்லைங்க. கவுன்டர்ல தினமும் நிறைய பேர் வந்து, "சரக்கு வாங்கிட்டேன்"னு கையெழுத்து போடுற இடத்துக்கு அது சரி. வாங்கும்போது இதைக் கேளுங்க:

• படம் மட்டும் பதிவாகுதா, இல்ல பேனாவோட அழுத்தமும் வேகமும் சேர்ந்து பதிவாகுதா?
• கையெழுத்து போட்டதும் பிடிஎஃப் லாக் ஆகுதா?
• எதுக்குக் கையெழுத்து போடுறோம்னு அவருக்கு ஸ்கிரீன்ல தெரியுதா?
• சாஃப்ட்வேருக்கு வருஷா வருஷம் தனியா பணம் கட்டணுமா?

இன்னொண்ணு: உயிலுக்கு இது எதுவுமே செல்லாது. அதைப் பேப்பர்லதான் எழுதணும்.

முடிவா சொல்றேன். டெலிவரி ரசீதுக்கு பேட் போதும். பெரிய தொகை கடன்ல போகுதுன்னா இ-சைன் வாங்குங்க. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பாகிட்ட கேளுங்க: "வெளிய எவ்வளவு பாக்கி இருக்கு, அதுல எவ்வளவுக்குக் கையெழுத்து இருக்கு?" பதிலைக் கேட்டுட்டு, அப்புறம் பேட் வாங்கலாமான்னு யோசிங்க.